விரலில் சாயம் இல்லாமல் வரவும்

யார் எலுமிச்சம்பழம் அறுத்தாலும், சோடாக் கடையோ கல்யாணப் பந்தியோ, எனக்கு மூணாறு பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரி ஒன்றின் நீள வராந்தா வந்துவிடுகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து கிள்ளும் பெண்கள் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பிரிட் நெடியையும் மீறி வரிசை முழுக்க எலுமிச்சை மணத்தது. மலைக்காற்றுக்குப் புளிப்பு ஏறியிருக்கிறது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டேன். ஏன் மணக்கிறது என்று கேட்கவில்லை. அழகாக இருப்பதைக் கேள்வி கேட்காமல் விடுவது என் பழைய வியாதி.

நான் போனது கவிதைக்கு அல்ல. என் பள்ளித் தோழி, எங்கள் ஊர் எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி வளர்ந்தவள், ஆராய்ச்சிக்கூடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் குனிந்திருந்து ஒரு கருவி செய்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் வாயில் விரலை நுழைத்தால் உள்ளே ஒரு வெளிச்சம் விரலை ஊடுருவிப் பார்த்து, ரத்தத்தின் அடர்த்தியை எண்ணாகச் சொல்லும்; பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் சோகை. ஊசி இல்லை, குத்தல் இல்லை. சோகை இருக்கிறவர்களை நின்ற இடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தின் வாசற்படி உயரமானது. அதைத் தாண்டி ஊருக்குள் வர லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைக்க, ஊசியில் எடுத்த ரத்தம் சொல்லும் எண்ணும் கருவி சொல்லும் எண்ணும் ஒத்துப்போவதை நிஜ மனிதர்களிடம் காட்ட வேண்டும். மனிதர்களைத் தொடும் முன் நெறிமுறைக் குழு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விவரத் தாள், ஒப்புதல் தாள் ஒவ்வொன்றையும் படித்து முத்திரை குத்த வேண்டும். அந்தத் தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை.

"ஏம்புள்ள, கவித கிவித எழுதி வெச்சராத. படிச்சாப் புரியோணும்," என்றாள் தோழி.

"புரியாத மாதிரி எழுதறதுக்கு நேரம் நெறைய வேணும். நீ குடுத்தது ரெண்டே நாளு."

ஆங்கிலத் தாளில் ஒரு வரி, நகப்பூச்சு இருந்தால் அகற்றிவிட்டு வரச் சொன்னது. கொழுந்து கிள்ளுகிறவர்களிடம் நகப்பூச்சைப் பற்றிப் பேசுவானேன் என்று, 'விரலில் சாயம் இல்லாமல் வரவும்' என்று மாற்றினேன். மருதாணிக்கும் சேர்த்துப் பொருந்துமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். குழுவும் முத்திரை குத்தியது. ஒரு வாரம் முன்பே அந்த வரியை டிஸ்பென்சரிச் சுவரில் அறிவிப்பாக ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எண்கள் ஒத்துப்போயின. ஒன்றுகூடப் பிசகவில்லை. கோயமுத்தூரில் இதைச் செய்து விற்க ஒப்புக்கொண்ட கம்பெனி, மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் வேறு வேலையில் இறங்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தது. இனிப் பயமில்லை. தோழி வெகு நாளைக்கப்புறம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் கிளம்பும்போதுதான் பார்த்தோம், ஒரு பெண் தனக்குரிய ஒப்புதல் தாள் நகலைப் பெஞ்சிலேயே விட்டுப்போயிருந்தாள். அவரவர் தாள் அவரவர் கையில் சேர வேண்டும் என்பது விதி. தேடிக்கொண்டு மத்தியானம் கொழுந்து எடைபோடும் ஷெட்டுக்குப் போனோம். ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தப் பொம்மையை இன்னொரு வாட்டி குடுங்க டீச்சர், பாப்போம்" என்றாள். தாளை வாசித்துக் காட்டியதால் நான் டீச்சர் ஆகியிருந்தேன்.

விரலை நுழைத்தாள். நேற்று ஊசியும் கருவியும் சேர்ந்து எட்டு என்றிருந்தன. இன்று பதிமூன்று.

"ஒரே ராத்திரியில அஞ்சு ஏறிருச்சா?" என்று அவளே கேட்டாள்.

"நேத்து சிஸ்டர் குடுத்த சத்து மாத்திரை வேல செஞ்சிருச்சுக்கா," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"நான் எங்கடி போட்டேன்? பொட்டலம் பிரிக்காம கெடக்கு. வாசம் பட்டதுக்கே ஊறிருச்சு போல."

ஷெட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் தோழியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அப்ப இனி மாத்திரை வேண்டாம்ல, மேடம்?"

தோழி கருவியை வாங்கினாள். தன் விரலை நுழைத்தாள். நேற்றைய எண்ணே வந்தது. என் விரலுக்கும் அப்படியே. அங்கிருந்த இன்னும் இரண்டு பெண்களுக்கு மட்டும் எண் எகிறியது. நான் அந்த உயரமான பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தேன். ரேகை ரேகையாகக் கறுப்பு. கொழுந்தின் சாறு உலர்ந்து தோலோடு தோலாகியிருந்தது.

"நேத்து இப்புடி இல்லீங்களே அக்கா. எலுமிச்சம்பழ வாசமல்லோ அடிச்சுது," என்றேன்.

"நீங்கதான எழுதிப் போட்டீக, சாயம் இல்லாம வரணும்னு? தேயிலச் சாயம் லேசுல போகுமா? சனிக்கெழம சாயங்காலம் லயத்துல அத்தன வீட்டுலயும் எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் வச்சு இதே தேய்ப்புதான். கடையில பழமே தீந்துபோச்சு."

வெளிச்சத்துக்கு இருட்டு மட்டுமே தெரியும். எதனால் இருட்டு என்று தெரியாது. தேயிலைக் கறையையும் ரத்தமென்று எண்ணியிருக்கிறது அந்தச் சின்னப் பெட்டி.

தோழி தேயிலைச் செடிகளின் ஓரமாகப் போய் நின்றாள். நானும் போனேன்.

"நேத்து எடுத்தது ஒண்ணும் தப்பில்ல," என்றாள். "சாயம் இல்லாம வரோணும்னு தாள்லயே இருக்குது. குழு ஒத்துக்கிட்டது. அப்புடியே அனுப்பினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அது என்ற தப்பு."

"உன்ற தப்புதான் எனக்கு லைசென்ஸ் வாங்கித் தரப்போகுது, பாத்துக்க."

சொல்லிவிட்டு ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் நசுக்கினாள். விரலில் ஏறிய கறையைப் பார்த்தாள். "மாத்திரை வேண்டாமான்னு கேட்டாங்கல்லோ," என்றாள்.

செல்போனுக்கு சிக்னல் பாறைமேல்தான் கிடைக்கும். ஏறினாள். கம்பெனிக்காரரிடம் அவள் பேசியது மட்டும் கீழே கேட்டது. "இல்லீங்க, ஆராய்ச்சிக்கூடத்துல ஒழுங்காத்தான் இருந்துதுங்க... வேல செய்யற கைய நான் பாக்கலீங்க... மொதல்ல இருந்து எடுக்கோணுங்க. குழுவுக்கும் சொல்லோணுங்க... ஆமாங்க, இந்த மாசம் ஆகாதுங்க." பேசி முடித்து இறங்கி வந்தாள். "யோசிச்சுச் சொல்றாங்களாமா. சொல்ல மாட்டாங்க."

ஷெட்டுக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் போனாள். "மாத்திரைய விடாமச் சாப்புடுங்க அக்கா. இது இன்னைக்குச் சொன்னத நம்பாதீங்க."

"நீங்க செஞ்சத நீங்களே நம்பாதங்கீக?"

"இப்பத்திக்கு நம்பாதீங்க. மறுபடியும் வந்தா விரல் குடுப்பீங்களா?"

"ஊசியும் உண்டா?"

"உண்டுங்க."

ஜீப் கிளம்பத் தயாராக உறுமியது. அந்தப் பெண் காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாங்க டீச்சர். ஆனா சொல்லாம வாங்க."