பவானி அக்கா மூடிய பள்ளம்

செய்தி வந்தபோது நான் நீரேற்று நிலையத்தில் இருந்தேன். வால்வு திறக்கும் கோதண்டம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "சார், பவானி மேடம் பூட்டாங்க சார். தலவலின்னு படுத்தவங்க எய்ந்துக்கவே இல்லியாம்" என்றார். வால்வை முழுசாக மூடிவிட்டு வந்தாரா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றார். போய் மூடச் சொன்னேன். அவர் போன பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் இறங்கியது. மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் வெளியே கேட்காது.

எனக்கு இரங்கல் எழுத வராது. சிவில் டிப்ளமா படித்துவிட்டு நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் சேர்ந்தவன். எழுதிப் பழகியதெல்லாம் மதிப்பீடுகளும் ஆட்சேபணைக் குறிப்புகளும்தான். இதைப் படிக்கப்போகிற நீங்கள் அவரை அறிந்தவர்கள். அதனால் அவரைத் தெய்வமாக்கி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். சத்தம் போடுவார். தப்பாகவும் பேசுவார். குழாயின் விட்டம் எது நீளம் எது என்று தெரியாமல் என்னோடு சண்டை போட்டிருக்கிறார். நான் வரைந்து காட்டிய பிறகும் விடவில்லை.

அவர் கவுன்சிலராக வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருடங்களில். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கேட்டில் பூட்டு விழுந்தால் நகராட்சிக்கு அந்த வரி போச்சு. ஒரு பெட்டி டியூப்லைட்டை எந்த வார்டுக்குக் கொடுப்பது என்று மன்றத்தில் ஒரு மதியம் முழுக்கச் சண்டை நடந்திருக்கிறது. சுடுகாட்டுக் கொட்டகைக்குக் கூரை, நாய் பிடிக்கும் வண்டிக்கு டயர், கால்வாயில் தூர் வாருவது எல்லாம் வாசிக்கப்படும், விவாதிக்கப்படும், ஒத்திவைக்கப்படும். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்து அக்கா வந்த முதல் நாள், அவர் கணவரும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றப் பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் வழக்கம். அக்கா திரும்பிப் பார்த்து, "நீ கீய போயி வண்டிய பாத்துக்க. இங்க கையெய்த்து என்து" என்றார். மன்றமே சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அடுத்த கூட்டத்தில் இன்னும் சில கணவர்களைக் காணவில்லை.

அவர் குடியிருந்தது கம்பெனி லைனில், ஆலை தன் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில். கணவர் வேலை பார்த்த ஆலை மூடியதும், லைன் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரையும் நிர்வாகம் நிறுத்திவிட்டது. அக்கா குழாய் கேட்டு மனுக் கொடுத்தார். தனியார் இடத்துக்குள் நகராட்சி குழாய் போட விதி இல்லை என்று நான் குறிப்பு எழுதினேன். அதில் இப்போதும் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பொதுவாக இப்படி அலுவலகம் 'முடியாது' என்று எழுதினால், அதைக் கவுன்சிலர்தான் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். பவானி அக்கா அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லை. சுகாதார ஆய்வாளரையும் வரி வசூலிப்பவரையும் கையோடு கூட்டிப்போய் மக்கள் முன்னால் நிறுத்துவார். எனக்கும் அதுதான் நடந்தது. "நீ எய்தினது சூப்பரா கீது. ஆனா எனக்கு அத்த எத்து சொல்ல வராது நைனா. நீயே வந்து சொல்லு" என்று என் வண்டியிலேயே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

லைனில் யாரும் கத்தவில்லை. பெண்கள் சுற்றி நின்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். முடிந்ததும், அக்காவின் பக்கத்து வீட்டு அஞ்சலை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். எனக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவது முறை, "உள்ளே முடியாதும்மா, மதிலுக்கு வெளியே ரோட்டில் கேளுங்கள், போடலாம்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன். அக்கா கைதட்டினார். "சொல்ட்டாருப்பா. இத்தினி பேரு சாட்சி." அன்றிலிருந்து அந்தக் குழாய் என் குழாயாகிவிட்டது.

சொல்வது சுலபம். மதிலோரம் போகிற பழைய குழாயில் அழுத்தமே இல்லை. தெருக்குழாய் வைத்தால் காற்றுதான் வரும். நெடுஞ்சாலைப் பெரிய குழாயிலிருந்து புதிதாகக் கிளை இழுக்க வேண்டும். அதற்கு மன்றத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் மாதாமாதம் ஒத்திப்போயிற்று. காத்திருந்து அலுத்துப்போன பெண்கள், நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். இடுப்பளவு பள்ளம் தோண்டி, பழைய குழாயைத் திறந்து, மண்மட்டத்துக்குக் கீழே குழாய்முனையை இறக்கினார்கள். மேலே ஏறாத தண்ணீர் அந்தத் தாழ்வில் வந்தது. ஒருத்தி பள்ளத்தில் நின்று சொம்பில் பிடித்து மேலே கொடுக்க, லைன் முழுக்கக் குடம் நிரம்பியது.

அந்தப் பள்ளத்திலிருந்து ஒன்றரைக் கஜத்தில் சாக்கடை ஓடுகிறது. நான் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு மோசமாக வந்தது. அலுவலகத்தில் அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னேன்: குழந்தைகளுக்கு வாந்திபேதி வரும், மூடியாக வேண்டும். அவர் உடனே சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 

"மூடிட்டா, குயா வந்துரும்ல?"

"வரும்."

"வாயிக்கு வந்தத சொல்லாத."

"வரும்க்கா. அளந்துவிட்டேன். மதிப்பீடு போட்டுவிட்டேன்."

ஆட்களோடு நானே வருகிறேன் என்றேன். "நீ வராத. நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு வேறு வேலை இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

அவரே மண்வெட்டி எடுத்து மூடினார் என்று கோதண்டம் பிறகு சொன்னார். கவுன்சிலரானதும் திமிர் வந்துவிட்டது என்று லைனில் பேசினார்கள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் வைத்திருந்த அவர் குடத்தை அஞ்சலை காலால் தள்ளிவிட்டார். அக்கா எதிரே வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இதையெல்லாம் அக்காதான் என் மேசைக்கு வந்து, யாரோ வேறொருத்தியின் கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்து, "குயா இன்னாச்சு?" என்பார். தலைவலி என்று நெற்றியை அழுத்திக்கொண்டு சொன்னதும் அப்படியொரு நாளில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "குயா வரட்டும், அப்பால போறேன்" என்றார். நானும் மறுபடி சொல்லவில்லை.

கடைசியில் நகராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். மார்ச் மாதக் கூட்டத்தின் பொருள் நிரலில் கம்பெனி லைன் குழாய் ஏறியது. எதிர்க்க யாருமில்லை. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அக்கா போய்விட்டார்.

உறுப்பினர் இறந்தால் மன்றம் செய்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிறகு, மறைந்தவருக்கு மரியாதையாக வேறு அலுவல் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். அடுத்த கூட்டம் ஏப்ரலில். அதற்குள் நிதியாண்டு முடிந்து அந்த வருடத்து ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். மதிப்பீடு, அனுமதி எல்லாம் முதலிலிருந்து. நான் ஓடிப்போய்த் தலைவரிடம், அந்த ஒரு பொருளை மட்டும் எடுங்கள் சார், அதுதான் அவர் கேட்டது என்றேன். "சாவுக்கு ஒரு மரியாத கீதுல்ல தம்பி? ஜனம் நம்பள காறித் துப்பாதா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேராகக் கம்பெனி லைனுக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழாய் இப்போது வராது என்று சொன்னேன். ஏன் வராது என்பதையும் சொன்னேன். அஞ்சலை எழுந்து என் எதிரே வந்து நின்றார். பிறகு, "உயிரோட கீறசொல்லோ பள்ளத்த மூடினா. செத்துப்போயி குயாயயும் மூடிட்டா" என்றார். சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பள்ளத்தை மூடச் சொன்னது நான், சோதனைக்கு அனுப்பியதும் நான், அவர் சொல்லியிருப்பாரே என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாது. அக்கா என் பேரையே எடுத்திருக்கவில்லை. "தண்ணி கலீஜு, மூடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மண் தள்ளியிருக்கிறார். அத்தனை மாதம் ஏச்சு கேட்டபோதும் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். லைன் என் மேல் திரும்பினால் நான் மறுபடி அங்கே காலெடுத்து வைக்க மாட்டேன், அளவெடுக்க ஆளில்லாமல் குழாய் நின்றுபோகும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர்தான். இல்லை, அவ்வளவு திட்டை நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. இனி யாரைக் கேட்பது?

புதிய மதிப்பீட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். குழாய் என்றாவது வரும்; வந்தால் அதில் வேறு யார் பேரையாவது போடுவார்கள், அது மன்றத்தின் விஷயம். எல்லா அதிகாரியையும் தெருவுக்கு இழுத்துவந்து நிறுத்திய பவானி அக்கா, ஒரே ஒரு நாள் ஒருவனை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவனுடைய 'முடியாது'வைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த ஒரு நாள் மட்டும் என்னிடம் இருக்கும்.