மேஸ்திரி நூலுக்கு முடிச்சுப் போட்டால் மரியாதை போய்விடுமாம்

இன்று மில்லில் நடந்ததை இந்தப் படிப்பகப் பலகையில் எழுதுகிறேன்.

மில் பிள்ளைகளுக்குத் தூளியாட்டும் ஆயா வாசலில் நின்று கைகாட்டினாள். முத்தம்மாவின் குழந்தைக்குப் பால் நேரம். வழக்கம்போல் அவளைப் போகச் சொல்லிவிட்டு, மேஸ்திரியான நான் அவள் மிஷினில் நின்று அறுந்த நூலை முடிந்தேன்.

புது சூப்பர்வைசர் அவளை வாசலில் மறித்தார். "வெளிய கால வச்சா ஒனக்கு வேலை கிடையாது!"

பிறகு என்னிடம், "மேஸ்திரியே கூலியாள் வேலையப் பாத்தா எவன் மதிப்பான்? பயம் இருந்தாத்தான்யா ஆளுக வேலை செய்வாங்க" என்றார்.

"அவளை நிறுத்துனா என்னையும் சேத்து நிறுத்துங்க" என்றேன்.

"வேணாம்ணே, நான் போகல" என்றாள் முத்தம்மா.

பக்கத்து மிஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. பெண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். சத்தம் அடங்கியதும் குழந்தை கத்துவது உள்ளே கேட்டது.

அவர் ஒதுங்கினார். அவள் ஓடினாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க" என்றார். போவோம். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

தான் இரக்கப்பட்டு வழிவிட்டதாக இப்போது சொல்லித் திரிகிறாராம். உடனிருந்து பார்த்தவர்கள் இதன் கீழே எழுதுங்கள். சாக்பீஸ் வைத்திருக்கிறேன். பயமிருந்தால் பெயர் போட வேண்டாம்.