வராத வலது கை

பழனி ரோட்டில் ஒரு ஃப்ரேம் கடைக்குப் பென்சிலில் முகம் வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. எல்லாம் தவறிப்போனவர்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்து, "அப்பா சிரிக்கிற மாதிரி போடுங்கக்கா" என்பார்கள். போட்டுவிடுவேன். மார்புக்குக் கீழே மனிதர்களுக்கு உடம்பு உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரர் குவைத்துக்கு லாரி ஓட்டப் போய் மூன்று வருடம். சாயங்காலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, அப்படி முழு ஆளாக அவரை வரைய வேண்டும் என்று ஒருநாள் ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, ஏக்கம். வீடியோ காலில் வருகிற மனிதருக்கும் மார்புக்குக் கீழே ஒன்றும் கிடையாதே.

தோள் ஒரே கோட்டில் வந்தது. லேசான தொப்பைக்கு நிழல் போட்டுப் பஞ்சால் தேய்த்தேன். பனியனுக்குத் தாளை வெள்ளையாகவே விட்டேன். இடது கை தொடைமேல் சரியாக உட்கார்ந்தது. வலது கைதான் வரவில்லை. மடியில் வைத்தேன், யாரோ போல இருந்தது. நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன், கலெக்டர் ஆபீஸில் மனுவோடு காத்திருக்கிறவர் ஆகிவிட்டார். அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது. பதினொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கட்டினவர் கையை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை! என்மேலேயே ஆத்திரம். கொஞ்சம் கொஞ்சமாக அவரை மறந்துகொண்டு வருகிறேனோ என்று பயம் வேறு.

கையில்லாமலேயே சுவரில் மாட்டிவைத்தேன். வடமதுரையிலிருந்து மல்லிகை கொண்டுவரும் பூக்காரக்கா உள்ளே எட்டிப் பார்த்தவர், கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அடி ஆத்தீ! எப்பம்மா? ஒரு வார்த்த சொல்லலியே!" என்றபடி ஒரு முழம் பூவைக் கிள்ளிப் படத்துக்குப் போட வந்தார்.

"ஒங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! மனுசன் குத்துக்கல்லாட்டம் குவைத்துல இருக்காரு!"

"நீ பென்சில்ல போட்டா செத்தவுகதானம்மா, ஊருக்கே தெரியுமே" என்றார் பாவம். அப்புறம் மெதுவாக, "அப்ப அந்தக் கை? ஆக்சிடெண்டா?"

சிரித்துவிட்டேன். பூக்காரக்கா போன பிறகு அழுதேன். படத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானம் பேசும்போது கேட்டேன்.

"உக்காந்தா வலது கைய எங்கங்க வைப்பீங்க?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணாடி பாத்துக்கிட்டா உக்காருறேன்?"

"போனத் தள்ளி வச்சுட்டுச் செத்த நேரம் சும்மா உக்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, எதிரே கிடந்த பழைய சோபாவில் உட்கார்ந்தார். மூன்று வருடம் கழித்து முழு ஆளைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ரூமில் இருப்பவனின் சமையலைத் திட்ட ஆரம்பித்தார். பேச்சு மும்முரத்தில் வலது கை தானாக எழுந்து, பக்கவாட்டில் நீண்டு, சோபாவின் முதுகுமேல் போய்க் கிடந்தது.

"அங்க யாருங்க இருக்கா?"

அவர் திரும்பித் தன் கையையே பார்த்தார். "யாருமில்ல புள்ள. நீ உக்கார்ற பக்கம்ல."

வாசலில் எப்போதும் இரண்டு நாற்காலி போடுவோம். என்னுடையது அவருக்கு வலப்பக்கம். அந்தக் கையை நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அது பதினொரு வருடமும் என் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருந்தது!

அன்றைக்கே வரைந்துவிட்டேன். கை வெறும் தாளின்மேல் நீண்டு கிடக்கிறது. என் நாற்காலியை இன்னும் வரையவில்லை. அவர் வரட்டும்.