எட்டு மாடித் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கேம் டெவலப்மென்ட் படிக்க வேண்டுமாம். எனக்கு அதில்தான் சம்பளம் என்பது எங்கள் அபார்ட்மென்டில் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன்கூட ஒருமுறை தன் போனை நீட்டி, "இந்த கேம் அடிக்கடி நின்னு போவுது, இன்னான்னு பாருங்க மேடம்" என்று கேட்டிருக்கிறார். ஏதோ நான்தான் அதை நிறுத்திவைத்தது போல.

"இன்ஜினியரிங் முடிச்சிட்டு இதுக்குப் போறதா, இல்ல நேரா இதுக்குன்னே இருக்கிற டிகிரியா? ஜி.எஸ்.டி. ரோடு பூரா போர்டு வெச்சிருக்காங்க. எதை நம்புறதுன்னே தெரியல" என்றார் அக்கா.

நான் பெரிய மனுஷி தோரணையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எந்தப் பட்டம் என்பதைவிட, கையில் என்ன செய்து வைத்திருக்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள். சின்னதாக ஒரு விளையாட்டை முழுசாகச் செய்து முடி, அது போதும். எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அது உன் சொந்த வேலையாக இருக்க வேண்டும் என்று முடிக்க வேண்டிய இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் பையிலிருந்து ஓவிய நோட்டை எடுத்துத் திறந்தாள். குப்பென்று ஸ்கெட்ச் பேனா வாசனை. இருமல் மருந்தில் சர்க்கரையைக் கரைத்தது போன்ற அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது எஸ்தரின் வாசனை.

எஸ்தரும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே பள்ளியில், பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவள் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் நடுவழியில் செம்பாக்கத்தில் ஏறுவேன். நான் ஏறும்போது பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. அவள் எனக்கென்று மடியில் பாதி இடம் வைத்திருப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் முறைத்தால், "இன்னாக்கா, என் மடிதான? நான் யாருக்கு வேணா குடுப்பேன்" என்பாள்.

அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் கணக்குக்கு வாங்கிய கிராஃப் நோட்டு இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் படம் என்பது குட்டிக்குட்டிக் கட்டங்களின் கூட்டம்தான் என்று எங்கள் வாத்தியார் ஒருநாள் சொன்னார். மறுநாளே எஸ்தர் கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாக ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பி ஒரு பெண்ணை வரைந்துகொண்டு வந்தாள். இடுப்பில் குடம், இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன். "இன்னொரு ரிப்பன் எங்கடி?" என்று கேட்டேன். "ஓடச்சொல்ல உழுந்துட்ச்சு" என்றாள். அந்தப் பெண் எங்கிருந்து ஓடி வருகிறாள் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. மடியில் வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும். அதில் நான் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டேன் என்பது கொஞ்சம் அதிகம். ஒரே கோப்பில் மேலிருந்து கீழ்வரை 'இப்படியானால் இப்படி' என்று அடுக்கிக்கொண்டே போவேன். இன்று அப்படி எழுதுகிற பிள்ளையை என் ஆபீசில் வேலைக்கு எடுக்க நானே சம்மதிக்க மாட்டேன். எஸ்தர் நிரப்பிய கட்டங்களை எண்ணி எண்ணி நான் லேப்டாப்பில் ஏற்றுவேன். சனிக்கிழமைதோறும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் அம்மா தரும் உப்புமாவை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட ஒரே வெளியாள் அவள்தான்.

அப்படி உருவானதுதான் 'எட்டு மாடி'. எஸ்தர் வீடு எட்டாவது மாடி. கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும், தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்துதான் போக வேண்டும். விளையாட்டும் அவ்வளவுதான். குடத்தோடு எட்டு மாடி ஏற வேண்டும். ஓடினால் தண்ணீர் சிந்தும். மெதுவாகப் போனால் பள்ளி பஸ் போய்விடும். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் வழியில் இருப்பார். இரண்டாவது மாடியில் படியை அடைத்துக்கொண்டு கேரம் ஆடும் அண்ணன்கள். ஐந்தாவது மாடியில் மாசமாக இருக்கும் ஒரு அக்கா, கொஞ்சம் தண்ணீர் கேட்பாள். கொடுத்தால் குடம் குறையும். ஆனால் அடுத்த நடையில் அவள் ஒரு கை பிடித்துத் தூக்கிவிடுவாள். இதையெல்லாம் நாங்கள் எங்கும் படிக்கவில்லை. எஸ்தர் சொல்வாள், நான் எழுதுவேன்.

"இதுல ஜெயிக்கிறது எப்படிடி? பாயின்ட் எதாவது வேணும்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜெயிக்கிறதுக்கு இன்னா கீது? வூட்டுக்குத் தண்ணி போவணும். அவ்ளோதான்" என்றாள்.

அந்த வருடம் வண்டலூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்புக்கென்றே ஒரு பி.எஸ்ஸி. ஆரம்பித்திருந்தார்கள். மார்க் மட்டும் போதாது, நேர்முகத்தில் சொந்தப் படைப்பைக் காட்ட வேண்டும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். ஒரு விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அதனால் தனித்தனியாகப் போட்டோம். "ரெண்டு பேரும் சேந்து பண்ணதுன்னு ரெண்டு பேரும் சொல்லிடலாம்" என்று நான்தான் சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது, நான்தான்.

என் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வெளையாடறதுக்கு ஒரு படிப்பா?" என்றார். அம்மா இரண்டு நாள் பேசிய பிறகு அப்பா ஒரு படி இறங்கி வந்தார். "சரி, அவங்க செலக்ட் பண்றாங்களான்னு பாப்போம். இல்லன்னா பேசாம இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்துடணும்." எஸ்தர் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் அம்மா சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். "எங்க சேந்தாலும் எங்கம்மாவுக்கு சந்தோசம்தான். ஆனா அந்த கேம்ல எங்க வூட்ட வரைஞ்சிகிறேன்னு சொன்னதுலேந்து ஒரு தபா காட்டுடின்னு ஒரே பேஜார்" என்று சிரித்தாள்.

நேர்முகத்துக்கு என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். இரண்டு ஆண்கள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒரு கேம் கம்பெனியிலிருந்து வந்திருந்த மேடம் மட்டும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விளையாட ஆரம்பித்தார். ஐந்தாவது மாடி அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார். அடுத்த நடையில் அவள் கை பிடித்ததும், "அட" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்தது.

"இந்த ஐடியா எப்படிமா வந்துச்சு?"

எங்கள் வீடு தரைத்தளம். தினமும் காலையில் யாராவது மோட்டாரை நிறுத்த மறந்து, மாடித் தொட்டி வழிந்து தெருவரை ஓடும். நான் வாயைத் திறந்து, "எங்க வீடு எட்டாவது மாடி மேடம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏதோ பதற்றத்தில் உளறினேன் என்று இன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் நிறுத்தவில்லை. குடத்தின் விளிம்பு அழுத்தி இடுப்பில் கறுப்பாகத் தடம் விழும் என்றேன். எஸ்தர் ஒருநாள் பள்ளி பாத்ரூமில் சட்டையை விலக்கி எனக்குக் காட்டிய தடம் அது. "படமெல்லாம்?" என்று கேட்டார்கள். "நானேதான் சார்" என்றேன்.

வெளியே வந்தேன். எஸ்தர் வராந்தாவில் எழுந்து நின்றாள். கிராஃப் நோட்டு அவள் பையில் இருந்தது.

"இன்னாடி கேட்டாங்கோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பெயரைக் கூப்பிட இரண்டு மூன்று நிமிடம் இருந்தது. "சும்மாதான். கேம் பாத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க" என்று லேப்டாப்பை அவள் கையில் கொடுத்தேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

சீக்கிரமே வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"எட்டாவது மாடில கீறேன்னு சொன்னியாமே. எந்த பிளாக்கு?"

நான் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒன் ஃப்ரெண்டும் நீயும் ஒரே பில்டிங்கான்னு அந்த மேடம் கேட்டாங்கோ. ஃப்ரெண்டு பண்ணத நீ எடுத்துகினு வந்துகிறியான்னாரு அந்த சாரு. நோட்ட எடுக்கலாம்னு பைக்குள்ள கை வுட்டேன். அப்பால எடுத்து இன்னா ஆவப்போவுது... ஆமாங்க, பக்கத்து வூடுன்னு சொல்ட்டேன்."

அவள் திட்டியிருக்கலாம். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தக்கூடியவள்தான் அவள். கத்தவில்லை. தாம்பரத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் இருவருமே நின்றுகொண்டு வந்தோம். செம்பாக்கம் வந்ததும் நான் வாசல் பக்கம் போய் இறங்கினேன். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது. அப்பா தெருவெல்லாம் சொன்னார். எஸ்தருக்குக் கிடைக்கவில்லை. அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள் என்று கூடப்படித்த ஒருத்தி சொல்லித்தான் தெரியும். போன் செய்ய நினைத்து எத்தனையோ முறை எடுத்து வைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த முதல் வருடம் நான் அவளை நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

அதற்கும் கல்லூரி இடம் கொடுக்கவில்லை. நேர்முகத்தில் இருந்த அந்த மேடம் இரண்டாம் வருடம் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார். முதல் வகுப்பிலேயே, "இங்க ஒரு பொண்ணு இருக்கா. குடத்தைத் தூக்கிட்டு எட்டு மாடி ஏறினதையே கேமா பண்ணவ. எழுந்திரும்மா" என்றார். வகுப்பு முழுக்கக் கை தட்டியது. அன்றிலிருந்து எனக்கு 'எட்டாவது மாடி' என்றே பெயர். தோழிகள் யாரையும் மூன்று வருடமும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. ஒருநாள் மேடம், "உங்க குடியிருப்ப ஒரு நாள் வந்து பாக்கணும்மா" என்று கேட்டபோது, "நாங்க வீடு மாத்திட்டோம் மேடம்" என்றேன். ஒருநாளும் குடியிருக்காத வீட்டை ஒரே வாக்கியத்தில் காலி செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மாலை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் எஸ்தரைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறாளாம். "ஒரு நூல் தப்பாப் போட்டாலும் பீஸ் பூரா வேஸ்ட்டு. நம்ம கேம் மாதிரி இல்ல" என்று சாதாரணமாகப் பேசினாள். நம்ம கேம் என்றாள். நான் அங்கேயே, போகிறவர் வருகிறவர் இடித்துக்கொண்டு போக, மன்னித்துவிடு என்று ஏதேதோ திக்கித் திணறிச் சொன்னேன். அவள் என்னைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இழுத்து நிறுத்தினாள்.

"அப்போ ரொம்ப அழுதேன்டி. ஒரு வருசம் உன் மூஞ்சியே பாக்கக்கூடாதுன்னு இருந்தேன். இப்போ இன்னா சொல்றது? சரி போன்னு சொல்ல வாய் வர்ல. வுடு." பிறகு, "அந்த கேம் கீதா? எங்கம்மா இன்னும் பாக்கல. லிஃப்ட்டாண்ட நின்னா போதும், அந்தக் கதயத்தான் எடுப்பாங்கோ" என்றாள்.

"இருக்கு. அனுப்புறேன்" என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அப்போதும் அப்படித்தான் வாயில் வந்தது. நம்பரைக் கொடுத்தாள். கிராஃப் நோட்டைப் பற்றிக் கேட்டேன். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகியபோது நனைந்து, சாயமெல்லாம் ஒன்றாகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். லேப்டாப்பை அண்ணன் எப்போதோ பழைய சாமான்காரருக்குப் போட்டிருந்தான். நாங்கள் விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. சேரும்போது கேமை ஏற்றிக் கல்லூரிக்குக் கொடுத்த சிடியாவது இருக்கும் என்று போனேன். ஆள் சேராததால் அந்தப் படிப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் லேப் இருந்த அறையில் பரீட்சைத் தாள் மூட்டைகள். மேடம் வெளிநாடு போய்விட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

சரி, திரும்பச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்று எனக்கு அது நான்கு நாள் வேலை. படி, குடம், சிந்தும் தண்ணீர் எல்லாம் முன்பைவிட நன்றாகவே வந்தன. இரண்டாவது மாடி கேரம், ஐந்தாவது மாடி அக்கா, ஏழாவதில் பூட்டிய வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய். மூன்றாவது மாடியில் யாரோ சண்டை போடுவார்கள், என்ன சண்டை என்று நினைவில்லை. ஆறாவது மாடியில் யார் நின்றார்கள் என்பது சுத்தமாகத் தெரியவில்லை. எட்டாவது மாடியில் கதவைத் திறந்ததும் எஸ்தரின் அம்மா ஒரு வார்த்தை சொல்வார், பிறகுதான் விளையாட்டு முடியும். அந்த வார்த்தையும் போய்விட்டது. அதைத் தெரிந்தவளிடம் கேட்க ஒரு போன் போதும். கேட்டால், இருக்கிறது என்று நான் சொன்னதும் பொய் என்று தெரிந்துவிடும்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கெட்ச்சுதா?" என்று ஒரே வார்த்தை. இன்னும் பதில் போடவில்லை.