ஏழு வயதில் கலியாணம் முடித்த பேர்ணடெற்

பேர்ணடெற் இலங்கைக்கு வந்தபோது அம்மியோடு வந்தாள். இதை நான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் கேட்ட கதையில், தனுஷ்கோடியில் ஏற்றிய அம்மியின் பாரத்தில் கப்பல் ஒருபக்கம் சரிந்துபோக, கப்டனே இறங்கி வந்து, "அம்மா, தயவுசெய்து அதை நடுவில் வையுங்கள்" என்று கும்பிட்டதாக வரும். இங்கே எழுத்தில் வைக்கிறபடியால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கப்பல் சரியவில்லை, கப்டன் கும்பிடவுமில்லை. ஆனால் தலைமன்னாரில் சுங்க உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே தங்கம் ஒளித்திருக்கிறதோ என்று கேட்டது நிஜம்.

"ஒளிக்கத் தங்கம் இருந்தா நான் எதுக்கு அம்மியத் தூக்கிட்டு வாறேன்?" என்று கேட்டாளாம் பத்தொன்பது வயதுப் புதுப்பெண். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பேதுரு அன்றைக்கு மூடிய வாயைச் சாகும்வரை பெரிதாகத் திறக்கவில்லை என்று எங்கள் ஒழுங்கைச் சனம் சொல்லும்.

அது 1957, பெப்ரவரி மாதம். தூத்துக்குடிக் கோவிலில் கலியாணம் முடிந்து ஒரு வாரம். பேதுரு கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. நாங்கள் அந்த ஒழுங்கைக்கு வந்தது எழுபத்தைந்தில். வந்த முதல் நாளே ஒரு கோப்பை தேங்காய்ச் சம்பலோடு வாசலில் நின்றாள் பேர்ணடெற். "நீங்க ரீச்சராமே? அப்ப எனக்கு ரீச்சரக்கா" என்றாள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

பேதுருவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வருடமும் மனைவியின் இந்தியப் பாஸ்போட்டைக் கொண்டுபோய் வீசா குத்திக்கொண்டு வருவார். "அடுத்த வருசம் திருநாள் முடியக் குடியுரிமைக்கு எழுதிப்போடுவம்" என்பார். திருநாள் வரும், கொடி ஏறும், கொடி இறங்கும். முப்பத்தொரு திருநாள் அப்படிப் போயின. எண்பத்தெட்டில் அவரும் போனார்.

பிள்ளைகள் இல்லை. பேர்ணடெற் ஒரு மாதம் அழுதாள். அடுத்த மாதம் அம்மியைக் கழுவி நிமிர்த்திச் சாப்பாட்டுப் பார்சல் போடத் தொடங்கினாள். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களில் வேலைசெய்யும் கிளார்க்மாருக்கு நாளுக்கு முப்பது பார்சல். சோறு யாரும் சமைக்கலாம்; அந்தச் சம்பலுக்காகத்தான் பதினொரு மணிக்கே வான் வண்டியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஆனால் வெளியே காலடி வைத்தால் தொல்லை. யுத்த காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. எல்லோரும் அடையாள அட்டையை நீட்டுவார்கள். இவள் பாஸ்போட்டை நீட்டுவாள். பொலிஸ்காரப் பிள்ளை அதை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டுவான். கூடையில் மீன் வெயிலில் காயும்.

தொண்ணூற்றைந்தில் குடிவரவுக் கந்தோரில் திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். இனி வருடா வருடம் வீசா இழுக்க ஏலாது; இலங்கைப் பிரஜையின் விதவை என்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரும்வரை இருக்கலாம். மறுத்தால் தூத்துக்குடிதான்.

தூத்துக்குடியில் யார் இருக்கிறார்கள்? தாய் தகப்பன் இல்லை, வீடு விற்றாயிற்று. அண்ணன் மகன் ஒருவன் உண்டு, அவள் கடைசியாகப் பார்த்தபோது அவன் தொட்டிலில் கிடந்தான்.

"அவன் வாசல்ல போய் நான்தான் அத்தைன்னு நின்னா, எந்த அத்தைம்பான்" என்றாள். மனம் குழம்பினால்தான் அவள் வாயில் தூத்துக்குடி வரும். மற்ற நேரம் சுத்தக் கொட்டாஞ்சேனை.

எழுதிப்போட்டு ஒன்றரை வருடம் கழித்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அவளை ஏழு வருடத்துக்கு மேல் அறிந்த சாட்சி ஒருவரும் வரவேண்டும் என்றிருந்தது. நான்தான் சாட்சி. சாட்சி மட்டுமா? பூமிசாத்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் கையில் ஒரு மாணவி கிடைத்தால் விடுவேனா?

"இலங்கையில எத்தினை ஆறு?"

"நூத்தி மூணு."

"ஆக நீளமானது?"

"மகாவலி. அக்கா, சம்பலுக்கு எத்தினை மிளகாய்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டினம். கொழும்பு வெளிச்சவீட்டுக்கு எத்தினை படி எண்டு கேப்பினம்."

அப்படி யாரும் கேட்பதாக நான் கேள்விப்பட்டதேயில்லை. அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் படி எத்தனை என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவள் அம்மியில் குழவியை உருட்டிக்கொண்டு ஆற்றுப் பெயர்களை ஒப்பிப்பதைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

அடுத்தது, கடிதங்களை அடுக்குவது. முத்திரை குத்திய காகிதம் எதுவானாலும் உதவும் என்பது என் கொள்கை. கலியாணப் பத்திரம், பேதுருவின் மரணப் பத்திரம், தண்ணீர் பில், கோவில் கடிதம் எல்லாவற்றோடும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குக் கொடுத்த பதிவுப் படிவத்தின் பிரதியையும் வைத்துக் கட்டினேன். பெரிய வட்ட முத்திரை, நல்ல நீல மை. வாசித்துப் பார்க்கவில்லை. எழுதியதே நான், எதற்கு வாசிக்க வேண்டும்?

கந்தோரில் எங்களை அழைத்தவர் தாஸிம் என்ற உத்தியோகத்தர். மெலிந்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி.

"பெயர்?" என்றார்.

"மகாவலி" என்றாள் பேர்ணடெற்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "மகாவலியா?"

"ஐயோ, பேர்ணடெற், சேர்."

பிறகு கேள்விகள் ஒழுங்காகப் போயின. என்ன தொழில், யாரோடு இருக்கிறீர்கள், கணவர் எப்போது மௌத்து. ஆற்றையும் கேட்கவில்லை, படியையும் கேட்கவில்லை. நான் நிம்மதியாகக் கைவிசிறியை எடுத்த நேரம், அவர் அந்தப் பொலிஸ் படிவத்தை ஒரு கையிலும் கலியாணப் பத்திரத்தை மறு கையிலும் தூக்கினார்.

"நீங்க எப்ப கலியாணம் முடிச்ச?"

"அம்பத்தேழு பெப்ரவரி, சேர்."

"போன வருஷம் பொலிசுக்குக் குடுத்த இந்த லிஸ்ட்டில வயசு நாப்பத்தாறு. பொறந்த இடம் கொட்டாஞ்சேன. அப்ப, கொட்டாஞ்சேனையில பொறந்து, ஏழு வயசில தூத்துக்குடிக்குப் போய், கலியாணமும் முடிச்சிட்டு வந்தயா நீங்க?"

என் கைவிசிறி நின்றது. படிவம் நிரப்பிய நாள் கண் முன்னே வந்தது. ஒழுங்கையில் சிங்களம் எழுதத் தெரிந்தவள் நான் என்று எல்லா வீட்டுக்கும் நானே எழுதினேன். என் பெயருக்கு நேரே பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததற்கே வந்த பொலிஸ்காரர் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார். தூத்துக்குடி என்றும் எழுதினால் மனுஷன் பாய் போட்டு இங்கேயே படுத்துவிடுவார் என்று பயந்து, கொட்டாஞ்சேனை என்று போட்டேன். வயதைக் கேட்டேன். "பொலிசுக்கு என் வயசு எதுக்கு? நாப்பத்தாறுன்னு போடுங்க" என்றாள். ஐம்பத்தெட்டு என்று எனக்குத் தெரியும். போட்டேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

இப்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே பார்வை. பிறகு தாஸிமை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"ஓம், சேர். வளர்த்தியான பிள்ளை நான்."

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, தன் குடியுரிமையையே அந்த மேசையில் தூக்கிப் போட்டுவிட்டாள் பாவி! வாழ்க்கையில் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன். அன்றுவரை ஒன்றையும் நானே பொய் என்று ஒப்புக்கொண்டதில்லை.

"சேர்," என்றேன், "அதை எழுதினது நான். அவவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அவ தூத்துக்குடியிலதான் பிறந்தவ. வயது அவ்வளவும் உண்மையில்லை. ஏழு வயதுக் கதையும் பொய்."

தாஸிம் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரோ, கோபமோ, கண்டுபிடிக்க முடியாத முகம்.

"பொலிசுக்கே பொய் எழுதின ஆள நான் எப்பிடி சாட்சியா எடுக்கிற?" என்றார். "பொலிசுக்குப் போய் இதத் திருத்தி, கடிதம் ஒண்டு வாங்கி வாங்க. வேற சாட்சி ஒருத்தர கூட்டி வாங்க. ரெண்டு கிழம தாறன். அதுக்கு மேல என்னால ஏலா."

கந்தோரிலிருந்து திரும்பினோம். ஒழுங்கை முனையில்தான் அவள் வாயைத் திறந்தாள். "எழுதும்போது ஒரு அம்பதாவது போட்டிருக்கலாம்லக்கா?"

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி என்னை நிற்கவைத்துக் கேட்டார், பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கவில்லையா என்று. "நான் படிப்பிச்சது பூமிசாத்திரம், சேர்" என்றேன். எச்சரித்துக் கடிதம் தந்தார்.

புதுச் சாட்சிக்கு ஐறீன் மிஸ்ஸைப் பிடித்தோம். கோவிலில் ஓர்கன் வாசிப்பவர். வாயைத் திறந்தால் உண்மை மட்டும்தான் வரும். அதனாலேயே ஒழுங்கையில் ஒருவரும் அவவோடு கதைப்பதில்லை. தாஸிம், "இவங்க எப்பிடிப்பட்ட ஆள்?" என்று கேட்டாராம். "சம்பலுக்கு உப்புக் கூடப் போடுவா. பாடும்போது சுருதி சேராது. மற்றும்படி நல்லவ" என்றாராம் ஐறீன் மிஸ். தாஸிம் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டாராம்.

பிறகு காத்திருப்பு. மார்ச் போனது, ஜூன் போனது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் குழவி நிற்கும். சைக்கிள் தாண்டிப் போனால் குழவி மறுபடி உருளும். என் வீட்டுக் குசினி அடுப்படியிலிருந்தே எனக்குக் கேட்கும். நான் அந்த நாட்களில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சுகமில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஓகஸ்ட்டில் ஒரு காலை, பார்சல் வான் ஓட்டுபவனை அழைத்து, இரண்டு பேருமாக அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து என் குசினியில் இறக்கினார்கள். கழுவித் துடைத்து, குழவியைப் பழைய துவாயில் சுற்றியிருந்தாள்.

"என்ன இது?"

"பிளேன்ல கிலோவுக்குக் காசு கேக்கான். நான் போனா இத நீங்க வச்சுக்கிடுங்கக்கா."

"எனக்கு மிக்ஸி இருக்கு. கொண்டுபோ" என்றேன்.

"ஏன் இப்படிச் சொல்லுதீய?"

"கொண்டுபோ எண்டா கொண்டுபோ!" குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வேறு என்ன சொல்ல? அந்தக் கல்லை அங்கே வைத்தால் அவள் போய்விட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். வான்காரன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பத் தூக்கினான். மறுநாள் வந்த சம்பலில் உப்பேயில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம்.

ஒக்டோபர் தொடக்கத்தில் கடிதம் வந்தது. பிரித்து வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். வாசித்தேன். அவள் நம்பவில்லை. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஐறீன் மிஸ் வீட்டுக்கு ஓடினாள். அவர் வாசித்த பிறகுதான் அழுதாள்.

சத்தியம் செய்யும் நாளன்று அவள் நீலச் சேலை. நான் பட்டு, அதற்குப் பொருத்தமான புதுக் கைப்பை. அறையில் ஏழெட்டுப் பேர். தாஸிம் சத்திய வரிகள் எழுதிய அட்டையை நீட்டி, "இண்டைக்கு ஆறு ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அட்டையையும் வாங்கவில்லை. வலது கையை உயர்த்தி, ஒரு மாதமாக அம்மியில் அரைத்து அரைத்து மனனம் செய்த வரிகளைத் தமிழில் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். முடிந்து வந்தவள் கூடையிலிருந்து ஒரு பார்சலை எடுத்துத் தாஸிமிடம் நீட்டினாள்.

"முந்தித் தந்தா லஞ்சம்னு ரீச்சரக்கா சொன்னாங்க. இப்பதான் முடிஞ்சுதே."

"இப்பவும் லஞ்சம்தான், அம்மா" என்றார். ஆனால் பார்சலை மோந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

ஓட்டோவில் திரும்பினோம். கொட்டாஞ்சேனைச் சந்திச் சாவடியில் மறித்தார்கள். இளம் பொலிஸ்காரன். பேர்ணடெற் புதுக் குடியுரிமைப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டினாள். முத்திரையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "ஹரி, அம்மே" என்று, சரியம்மா என்கிற மாதிரி, திருப்பித் தந்துவிட்டான். பிறகு என்னிடம் கை நீட்டினான்.

கைப்பையைத் திறந்தேன். சீப்பு, முகம் துடைக்கும் லேஞ்சி, பேப்பர்மின்ட். அடையாள அட்டை வீட்டில், பழைய கைப்பைக்குள்.

இறங்கச் சொன்னான். நான் இறங்குவதற்குள் பேர்ணடெற் இறங்கி அவன் முன்னால் நின்றாள். மீன் சந்தையில் நாற்பது வருடம் பழகிய சிங்களத்தில், இவ என்ட அயலவ, இருபத்திரண்டு வருடமாகத் தெரியும், நான் சாட்சி என்றாள்.

"இவர் சொல்வதை நம்பலாமா?" என்று என்னைக் காட்டி அவளிடம் கேட்டான் அவன்.

அவள் என்னைப் பார்த்து நன்றாக யோசித்தாள். வேண்டுமென்றே யோசித்தாள்.

"பெயரும் விலாசமும் சரியாகச் சொல்லுவா. மிச்சத்தை நம்ப வேண்டாம்."

அவன் சிரித்துவிட்டான். பதிவுக் கொப்பியை எடுத்து, சாட்சி சொன்னவரின் பெயரைக் கேட்டான். சொன்னாள். பத்திர இலக்கத்தையும் எழுது, தம்பி, என்று வாயால் சொல்லி எழுதுவித்தாள்.

"வயது?"

"ஐம்பத்தொன்பது" என்றாள், வீதிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி. பிறகு கொப்பிக்கு மேலே எட்டி, அவன் சரியாக எழுதுகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.