அப்பா திறக்காத பூட்டு

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு பித்தளைப் பூட்டு இருக்கிறது, பூட்டியபடியே. அறுத்தெடுத்த நாதாங்கித் துண்டு ஒன்று அதன் வளையத்தில் தொங்குகிறது. இதற்குச் சாவியும் உண்டு. அது திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் கைக்குள் இருக்கிறது.

பூட்டைச் செய்தவர் அப்பா. பூட்டுப் பட்டறையில் நல்ல கைக்காரர் என்று பெயரெடுத்தவர், குடியில் அந்தப் பெயரையும் தொலைத்தார். அம்மா பட்ட அடிகளை எழுத எனக்கு மனசில்லை. ஒரு தபசுகாலத்தில் பீடத்துக்கு முன்னால் விழுந்து அழுது, இனித் தொடமாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தார். ஊர் நம்பவில்லை, பங்குச் சாமியார் நம்பினார். நம்பியவர் சும்மா இருக்காமல் அவரையே கோயில்பிள்ளையாகவும் வைத்துவிட்டார். மணி அடிப்பது, மெழுகுத்திரி ஏற்றுவது எல்லாம் சரி. பூசைக்குத் திராட்சை ரசம் ஊற்றி வைப்பதும் கோயில்பிள்ளையின் வேலைதான். குடியை விட்டவனிடம் ரசப் புட்டியைக் கொடுக்கிறோமே என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவுக்குத் தோன்றியது. தானே ஒரு பூட்டுச் செய்து, பீடத்துக்குப் பக்கத்து அறையில் ரசம் வைக்கும் அலமாரியில் மாட்டி, இருந்த ஒரே சாவியை அம்மாவிடம் கொடுத்தார். சாமியார் சிரித்தார். "ஏன்யா, பூட்டு செய்யிறவனுக்கு ஒரு கம்பி போதாதா?"

"போதும் சாமி. ஆனா கம்பிய எடுக்கையில அவ மொகம் ஞாபகம் வரும்ல."

அதிலிருந்து தினமும் விடியலில் இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போனார்கள். அம்மா ரசம் ஊற்றி முடிக்கிற வரை அப்பா வாசலைக் கூட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்பார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "பூட்டிட்டேன், வாங்க" என்பார் அம்மா. அப்புறம்தான் அவர் உள்ளே வருவார். அவர்கள் இருவரும் கொஞ்சிப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

காய்ச்சல் என்று படுத்த அம்மா எழவில்லை. அடக்கப் பூசைக்கு, மகள் நான்தான் அலமாரியைத் திறந்து ரசம் ஊற்றிவிட்டுப் பூட்டினேன். பெட்டியை மூடும் முன் அப்பா என்னிடமிருந்து சாவியை வாங்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "நீயே வச்சுக்க புள்ள," என்றார்.

அன்று சாயங்காலம் அவரைக் காணோம். தேடிக்கொண்டு போனால், அலமாரிக்கு முன்னால் வளைத்த கம்பியோடு நிற்கிறார். பழகிய கை, ஒரு திருகல் போதும். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தேன்.

"பிடுங்காத ஆத்தா. நீ பிடுங்குனா நாளைக்கு வேற கம்பி எடுப்பேன். செத்த நேரம் எங்கூட நில்லு."

நின்றேன். செபத்தை ஆரம்பிப்பார், பாதியில் அழுகை வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கம்பியை அவரே என்னிடம் நீட்டினார்.

மறுநாள் பூசைக்கு ரசம் வேண்டுமே. "அந்தப் பூட்ட நான் தெறக்கமாட்டேன் சாமி" என்று அவர் சொல்லிவிட்டதால், ஆசாரியை வரவழைத்து நாதாங்கியை அறுத்தார்கள். ரசம் சாமியாரின் அறைக்குப் போனது, பூட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அதன்பிறகும் குடிக்கவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. சாயங்காலமானால் பூட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். வாக்கைக் காப்பாற்றியவருக்கு ஆண்டவர் கொஞ்சம் நிம்மதியாவது கொடுத்திருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு விடியலில் கண் திறந்து என்னைப் பார்த்தார். அம்மா என்று நினைத்துக்கொண்டார் போல.

"பூட்டிட்டியா?"

குரலில் அப்படி ஒரு பயம்.

"பூட்டிட்டேன், வாங்க," என்றேன்.

அப்புறம்தான் அவர் போனார். இப்போது பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது, அப்பா.