இராக்கம்மாவின் படங்கு

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இராக்கம்மாவின் இடுப்புப் படை ஊரறிந்த விஷயம். மழையில் கொழுந்து பறிக்கிறவள் இடுப்பில் படங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியாக வேண்டும். அந்தச் சாக்கு ஈரத்தில் ஊறி நாளெல்லாம் உடம்போடு கிடக்கும். படை வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷம் சொறிந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த களிம்புக்குப் போகும், அடுத்த மழைக்கு அழைக்காத விருந்தாளியாய் வந்து நிற்கும்.

1972இல் பதுளை டவுனில் டாக்டர் லத்தீப் ஓர் ஊதா விளக்கு வாங்கிப் போட்டார். அந்த வெளிச்சத்துக்குப் படை கேட்கும் என்று யாரோ சொல்ல, இராக்கம்மா கிளம்பிவிட்டாள். மகள் பெரியாயிக்குத் தையில் வேலைக்குப் பேர் பதியப் போகிறார்கள். முதல் நாள் தாய் தன் படங்கை மகளுக்குக் கட்டிவிடுவது அவர்கள் குடும்ப வழக்கம். தன் படையைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பத்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இடுப்புக்கு மூன்று நிமிஷம் வெளிச்சம், கையில் மாத்திரை.

"என்னாக்கா, டவுனுக்கு வெயில் காயப் போறீங்களா?" என்று லயத்து அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"இங்க எங்கடி வெயிலு?" என்பாள், அலுப்போடு.

கடைசி ஞாயிறு டாக்டர் தடவிப் பார்த்தார். "சுத்தமா போயிருச்சும்மா. உடுத்துற துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. இல்லாட்டி திரும்ப வரும்."

சேலை, ரவிக்கை, கம்பளி வரைக்கும் அவித்தெடுத்தாள். படங்கு மட்டும் கூடையோடு ஆணியில் தொங்கியது. அதைத் துணி என்று யார் நினைத்தார்கள்? அது வேலைச் சாமான்.

தையில் அதை மகளுக்குக் கட்டிவிட்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவளேதான் கட்டினாள்.

மாசியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்த பெரியாயி படங்கைக் கழற்றாமலே இடுப்பைச் சொறிந்தாள்.

"என்னாடி?"

"ஒண்ணுமில்லம்மா. பூச்சி கடிச்சிருக்கும்."

இராக்கம்மா மகளின் ரவிக்கையைத் தூக்கிப் பார்த்தாள். படங்குக்கு மேலே, பொட்டு அகலத்தில், ஓரம் சிவந்த வட்டம். அதை அவளுக்கா தெரியாது? அழக்கூடத் தெம்பில்லை.

"ஞாயித்துக்கெழம வெள்ளன எந்திரி. டவுனுக்குப் போகணும்."

சொல்லிவிட்டு மகள் இடுப்பில் இருந்த படங்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் அது இறுகிக் கிடந்தது. காலையில், நழுவிவிடக் கூடாதென்று அவள்தான் இரண்டு முடிச்சாகப் போட்டிருந்தாள்.